மேடையிலிருந்து இறங்கும் நேரம்: பினாங்கு இசைக்குழுக்களை முன்வைத்து

எல்டன் ஜான் விடைபெற்று முடிக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. 2018 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய பிரியாவிடைப் பயணம், இடையில் கொரோனாவால் தடைபட்டு, 330 நிகழ்ச்சிகளாக நீண்டு, 2023 ஜூலை 8 அன்று ஸ்டாக்ஹோமில் முடிந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு விடைபெறும் பேச்சையே எடுப்பதில்லை. 2021 ஆகஸ்டில் அதன் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்தார். அடுத்த மாதமே குழு மேடையேறிவிட்டது. 2024இல் அதன் வட அமெரிக்கப் பயணத்துக்கு ஆதரவளித்தது, ஓய்வுபெற்றோருக்கென்று தொடங்கப்பட்ட அமைப்பு ஒன்று. மிக் ஜாகருக்கு அப்போது வயது எண்பது.

இதையெல்லாம் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாதா? இளமையின் இசையாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ராக் இசைக்கு முதுமை வந்தபோது ஆய்வாளர்களும் இந்தக் கேள்விக்குத் திரும்பினார்கள். ரோஸ் ஜென்னிங்ஸ், அபிகெய்ல் கார்ட்னர் இருவரும் 2012இல் தொகுத்த நூல் பெண் கலைஞர்களின் முதுமையைப் பேசியது. அடுத்த ஆண்டு வந்த ஆண்டி பென்னட்டின் நூல் ரசிகர்களின் முதுமையை எடுத்துக்கொண்டது. இவ்வகை ஆய்வுகளின் களம் பெரும்பாலும் மேலை நாடுகள். விடைபெறும் உரிமையும் வசதியும் கலைஞரின் கையில் இருப்பதாக அங்கே எண்ணிக்கொள்ள முடிகிறது. மலேசியாவின் பினாங்குத் தீவின் இசை வரலாறு அப்படி எண்ண இடம் தருவதில்லை. இங்கே நிறுத்தும் நேரத்தைத் தீர்மானித்தவர்கள் பலர்: ரசிகர், விடுதி முதலாளி, இராணுவத் தளம், அரசாங்கம், சில வேளைகளில் மரணம். ஆகவே நிறுத்துவதற்கான அளவுகோலைத் தனியொருவரின் குரலில் தேடுவது பிழை என்பதும், அவர் எந்தக் குழுவோடும் எந்த அவையோடும் சேர்ந்து பாடுகிறாரோ அந்த உறவில் தேடவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பி. ரம்லியிடமிருந்து தொடங்குவதே முறை. 1929 மார்ச் 22 அன்று பினாங்கில் பிறந்தவர். பாடகர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர் என்று சிங்கப்பூரில் மலாய்த் திரையுலகை ஆண்டவர். 1964இல் அவர் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்த வேளையில் மலாய் இளைஞர்களின் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. பீட்டில்ஸ், ஷேடோஸ் குழுக்களின் தாக்கத்தில் மின்கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ‘பொப் யே யே’ குழுக்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. ரம்லியின் இசை அப்பா காலத்துச் சரக்காகிவிட்டது. கடைசி ஆண்டுகளில் மேடையில் ரசிகர்கள் கூச்சலிட்டு அவரை அவமதித்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1973 மே 29 அன்று மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 44. பிறகு தெருக்களுக்கு அவர் பெயர் வந்தது. பினாங்கில் அவர் வாழ்ந்த வீடு காட்சியகமானது. 1990இல் ‘டான் ஸ்ரீ’ விருதும் வந்தது.

44 வயது முதுமை ஆகாது. குரல் தேயும் வயதும் அதுவல்ல. ரம்லியை ‘பழையவர்’ ஆக்கியது இசைச் சந்தையில் நடந்த தலைமுறை மாற்றம். இன்று நாம் முதிய ராக் இசைஞர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை அன்று கேட்டவர்கள் ராக் இளைஞர்களே என்பதை மறந்துவிடுகிறோம். ‘போதும், இறங்கு’ என்ற அந்தக் குரலில் அழகியல் தீர்ப்பைவிட, இடம் காலியாக வேண்டும் என்ற அவசரமே அதிகம் ஒலித்தது.

பினாங்கின் குழு இசைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது கூலியின் வரலாறு. தீவுக்கு எதிரேயுள்ள பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் 1950களின் இறுதியிலிருந்து 1988வரை பெருமளவில் இருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் பல தீவின் வடகரையில் வாழ்ந்தன. வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்கள் ஓய்வுக்காகப் பினாங்குக்கு வந்தார்கள். இவர்களுக்கெல்லாம் மாலையில் நடனமாட இசை வேண்டியிருந்தது. விடுதிகளிலும் மன்றங்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் இரவுக்கு இரவு வாசித்தவர்கள் ஜார்ஜ்டவுனின் யுரேசிய, தமிழ், சீன, மலாய் இளைஞர்கள். ஜிம்மி போயில் (1922–1971) போன்ற ஜாஸ் மேதை இந்த மண்ணிலிருந்துதான் எழுந்தார். 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஊரில் வேலையின்மை கூடியது. வாசிக்கத் தெரிந்தவர்கள் கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹாங்காங் என்று கிளம்பிப் போனார்கள். போகாதவர்களில் பலர் வேறு தொழில் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிரியாவிடை நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பிப் போனவர்களில் ஒரு குழு அலேகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய இக்குழு, 1970களில் ஹாங்காங்கின் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடிப் பழுத்தது. தாயகம் திரும்பியபின் மலாய்ப் பாடல்களுக்கு மாறியது. இளம் எம். நாசிரைப் போன்றவர்கள் இசையமைத்துத் தந்த பாடல்களால் 1980களில் நாடறிந்த குழுவானது. பந்துபோல் சுருண்டு விரிந்த தலைமுடியோடு இரண்டு தமிழர்கள் மலாய்க் காதல் பாடல்களைப் பாட, எல்லா இனத்தாரும் கூடவே பாடினார்கள். ராக் இசையில் ஊறியவர்கள் அலேகேட்ஸை ராக் என்று ஒப்பமாட்டார்கள், பொப் என்பார்கள். சரியான வகைப்பாடுதான். ஆனால் மின்கிதார்க் குழுவாகப் பிறந்து, விடுதி மேடையில் வளர்ந்து, உறுப்பினர்களோடு சேர்ந்து மூப்படைந்த குழு என்ற வகையில் நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சான்று இத்தீவில் இல்லை.

2007 ஜூன் 4 அன்று லோகநாதன் (லோகா) நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். குழுவின் அடையாளமான இரு குரல்களில் ஒன்று நின்றுபோனது. கௌரவமாக நிறுத்த அதைவிடப் பொருத்தமான தருணம் வாய்த்திருக்காது. டேவிட் நிறுத்தவில்லை. லோகாவின் பாடல்களையும் சேர்த்தே பாடினார். எழுபதைத் தொட்ட பிறகும் மேடையேறினார். தம்பி பாடிய பாட்டைத் தமையன் பாடுவதைக் கேட்கும் அவை, அதை அசல் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் அவையாக இருக்க முடியாது.

உடல் செய்வதை மறைக்கவேண்டியதில்லை. வயதேற ஏறக் குரல்நாண்கள் மெலிகின்றன. குரல்வளைக் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. நுரையீரலில் காற்றின் கொள்ளளவு குறைகிறது. ஆண்களின் பேச்சுக்குரல் சற்றே மெலிந்து உயர, பெண்களுடையது தாழ்கிறது. பாடகருக்குப் போவது உயரம் மட்டுமல்ல, நீளமும்தான். ஒரே மூச்சில் பாடிய வரி இரண்டு மூச்சாகிறது. மூத்த குழுக்களின் நிகழ்ச்சிகளைக் கூர்ந்து கவனித்தால் இதற்கான ஏற்பாடுகள் கண்ணில் படும். கீபோர்டுக்காரர் பொத்தானை அழுத்தி ஒரு சுரம் இறக்கிவிடுவார். கிதார்க்காரரோ கம்பிகளையே தளர்த்திக்கொள்ள வேண்டும், அல்லது வேறு பிடிகளைப் பழகவேண்டும். சாக்ஸபோன்காரர் மனத்துக்குள்ளேயே எல்லாச் சுரத்தையும் மாற்றி வாசிப்பார். பாடகர் நீட்டவேண்டிய இடத்தைச் சொல்லளவில் முடித்துக்கொள்வார். அந்த இடைவெளியைப் பின்குரல்கள் நிரப்பும். உச்சத்துக்குப் போகும் வரியில் ஒலிவாங்கி அவையை நோக்கித் திரும்பும். குறை காண்பவர்கள் இந்தக் கடைசிச் செயலைத் தப்பித்தல் என்பார்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த வரியைப் பாடிவரும் அவைக்கோ அது தன்னிடம் வந்து சேர்ந்த முறை.

கர்நாடக இசை மரபு இந்த ஏற்பாடுகளை வெட்கமின்றி வெளிப்படையாகவே செய்துகொண்டது. பாடகர் தம் சாரீரத்துக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்ளலாம். வயதானால் கட்டையைக் குறைக்கலாம். சீடர் பின்னால் அமர்ந்து உடன் பாடலாம். செம்மங்குடி சீனிவாச ஐயர் தள்ளாத வயதிலும் கச்சேரி செய்தபோது, அவருடைய சாரீரத்தில் இனிமை இருக்கிறதா என்று எவரும் தேடவில்லை. ராகத்தை அவர் எப்படி நினைக்கிறார் என்பதையே கேட்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1997இல் கணவர் சதாசிவம் இறந்தபிறகு பொதுக் கச்சேரி செய்யவில்லை. அவருக்கு அப்போது 81 வயது. அந்த முடிவைக் குரல் எடுக்கவில்லை. ஓர் உறவின் முடிவு எடுத்தது. திரையிசையின் நிலை வேறு. எஸ். ஜானகி 2017 அக்டோபரில் மைசூரில் தம் கடைசி மேடை நிகழ்ச்சி என்று அறிவித்துப் பாடினார். திரைப்பாடகருக்கு எதிரியாக நிற்பது அவருடைய சொந்த இளமைக் குரலே. ஒலிப்பதிவு அதை அழியாமல் வைத்திருக்கிறது. கேட்பவர் அதை நேற்று இரவுகூடக் கேட்டிருப்பார். ராக், பொப் குழுக்களின் இக்கட்டும் இதேதான். இசையில் முதுமை பெரிய சிக்கலானதற்கு வயதைவிட இசைத்தட்டே பொறுப்பு என்று துணிந்து சொல்லலாம்.

முதிய கலைஞரின் படைப்புக்குத் தனி அழகியல் உண்டு என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் அடோர்னோ 1937இல் வெளியான கட்டுரையில் பேத்தோவனை வைத்து எழுதினார். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயித் தம் இறுதி நாட்களில் அதை விரித்தார், அந்நூல் அவர் மறைவுக்குப்பின் 2006இல் வந்தது. இணங்கிப் போகாத, உடைந்த, தனித்து நிற்கும் கலைஞன் அவர்களுடைய நாயகன். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அந்தப் பாதிக்குச் சான்று நம் அண்டையிலேயே இருக்கிறது. ‘ஸ்வீட் செரிட்டி’ ராக் குழுவில் கூவிக் குரலைத் தேய்த்த ரம்லி சாரிப், 2019இல், 66 வயதில், சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணைத் தம் கரகரத்த குரலில் மெதுவாகப் பாடினார். பாராட்டும் வந்தது, கடும் எதிர்ப்பும் வந்தது. பண்ணை இயற்றிய சுபிர் சயிதின் மகளே எதிர்த்தவர்களில் ஒருவர். அந்தக் கரகரப்பை இருபது வயதுக்காரர் போலிசெய்ய முடியாது. முதுமை அங்கே பொருளாகவே மாறியது. ஆனால் அடோர்னோவும் சயிதும் இசையமைப்பாளரை, தனி மேதையை மனத்தில் வைத்து எழுதியவர்கள். விடுதி மேடையில் வளர்ந்த குழுவின் முதுமைக்கு அந்தச் சட்டகம் போதாது. குழு தனிமையை நோக்கிப் போவதில்லை. ஒருவருடைய குறையை மற்றவர் ஏந்திக்கொள்ளும் திசையில் போகிறது.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதுதான். குழுவும் அவையும் ஏற்கும்வரை பாடலாம் என்றால், பாசத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் அவையும், சம்பளத்துக்காக வாய் திறக்காத குழுவும், நுழைவுச்சீட்டு விற்கும் ஏற்பாட்டாளரும் சேர்ந்து ஒரு முதியவரை அவருடைய நலனுக்கு எதிராக மேடையில் நிறுத்திவைக்க மாட்டார்களா? மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. அல்சைமர் நோயை 2011இல் வெளிப்படையாக அறிவித்துவிட்டு அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்பல் விடைபெறும் பயணம் போனார். அவர் பிள்ளைகள் மூவர் குழுவில் வாசித்தார்கள். 2012 இறுதியில் பயணம் நின்றது. நோயை மறைத்து அதே பயணத்தை நடத்தியிருந்தால் அது சுரண்டல். மற்றோர் அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 2009க்குப் பின் மேடையேறிப் பாடவில்லை. தம்மால் பாட முடியாமற்போனதை 2013இல் காரணத்தோடு சொன்னார். இரண்டும் நேர்மையான முடிவுகள்; ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. என் எல்லைக்கோடு இது: குறையை மனிதர் ஏந்தினால் தொடரலாம், பதிவுசெய்த பழைய குரலை ஓடவிட்டு முதியவர் வாயசைக்கத் தொடங்கினால் நிறுத்தியாக வேண்டும். அங்கே குழு முடிந்துவிட்டது.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது, அது பினாங்குக்கே உரியது. மலேசியாவில் 2013 ஜூலை முதல் தனியார் துறை ஊழியருக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இரவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் விடுதி இசைஞருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர் பெயரில் ஊழியர் சேமநிதிக்கு மாதந்தோறும் பணம் கட்டும் முதலாளியும் இல்லை. தாமாகவே சந்தா செலுத்தும் திட்டம் இருக்கிறது. ஆனால் ஒழுங்கற்ற வருமானத்தில் ஒழுங்காகச் சேமிப்பது எளிதல்ல. இவர்களில் ஒருவர் எழுபது வயதில் பத்து பிரிங்கிக் கடற்கரை விடுதி ஒன்றில் பழைய பாடல்களை வாசித்தால், அவருக்கு ‘நிறுத்தத் தெரியவில்லை’ என்று நாம் சொல்வது அபத்தம். அவர் நிறுத்தக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதே முதற்கேள்வி. அழகியல் பேசுமுன் சேமநிதிக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

குழுவோடும் அவையோடுமான உறவு என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பி. ரம்லி நிறுத்தப்பட்டிருக்கக் கூடாதவர். லோகாவுக்குப் பின் அலேகேட்ஸ் தொடர்ந்தது சரியான முடிவு. இரண்டுக்கும் உரிய சான்றுகள் இன்னும் முழுமையாகத் திரட்டப்படவில்லை. பால் அகஸ்டினின் முயற்சியால் 2016இல் கொம்தார் கட்டடத்தில் திறக்கப்பட்ட பினாங்கு இசை இல்லம் இத்தீவின் இசை வரலாற்றுக்கு ஒரு தொடக்கத்தைத் தந்தது. அது போன்ற ஆவணப் பணிகள் புகழின் உச்சத்தில் எடுத்த படங்களையும் இசைத்தட்டுகளையும் தேடுவதோடு நின்றுவிடக் கூடாது. எந்தச் சுருதியில் இப்போது பாடுகிறார்கள், யார் யாருடைய வரியை ஏந்துகிறார்கள், இரவுக்கு என்ன கூலி, கடைசி ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிந்தது என்பவற்றையும் எழுதிவைக்க வேண்டும். மலேசியப் பல்கலைக்கழகங்களில் தமிழும் இசையும் பயிலும் ஆய்வு மாணவர்கள், அந்தத் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே இந்தப் பணியை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.