சுழியோடியின் இலக்கக் கடிகாரம்

நிலத்தில் வாழும் நமக்கு நேரம் பிந்தினால் பேருந்து தவறும். அல்லது போகவேண்டிய கூட்டம் நாம் போகுமுன்னரே தொடங்கிவிடும். கடலடியில் இறங்கிய சுழியோடிக்கு நேரம் பிந்தினால் விளையும் கேடு வேறு. நீரிலே 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலமாக அழுத்தம் கூடிக்கொண்டே செல்கின்றது. 30 மீற்றர் ஆழத்தில் அவன் உடல் தாங்குவது நான்கு வளிமண்டலங்களின் அழுத்தம். அந்த அழுத்தத்தில் அவன் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைந்துவிடுகின்றது. நிமிடங்கள் செல்லச் செல்லக் கரைவது மிகுகின்றது. பின்னர் அவன் விரைந்து மேலே வருவானாயின், சோடாப் போத்தலின் மூடியைச் சட்டெனத் திறந்தாற்போல, கரைந்த வாயு குமிழிகளாகக் கிளம்பி மூட்டுகளை வருத்தும். முள்ளந்தண்டைத் தாக்கி முடமாக்கும். சிலவேளை உயிரையும் கவரும்.

1908 ஆம் ஆண்டில் ஜோன் ஸ்கொற் ஹோல்டேன் என்னும் உடலியல் அறிஞர் துணைவர் இருவருடன் இதனை ஆராய்ந்து, எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்றவன் எங்கெங்கே தங்கித் தங்கி மேலே வரவேண்டும் என்பதை அட்டவணையாக வகுத்து வெளியிட்டார். அவ்வழியில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை பின்னர் வகுத்த அட்டவணை, 100 அடி ஆழத்தில் 25 நிமிடம் வரை நின்றவன் இடையில் தங்காமலே மேலே வரலாம் என்றது. அந்த 25 நிமிடம் 35 ஆகிவிட்டால் கணக்கே மாறிவிடும். ஆகவே, அட்டவணை எத்துணைச் செவ்வையானதாயினும், கையில் நம்பத்தக்க கடிகாரம் இல்லாதவனுக்கு அதனாற் பயனில்லை. சுழியோடியின் கடிகாரம் அணிகலன் அன்று. அவன் மூச்சோடு இணைந்த ஒரு கருவி.

நேயர்களே, அக்கருவியின் நீண்ட வரலாற்றில் ஒரு குறுகிய அத்தியாயத்தை நோக்குவோம். முள்ளுக்குப் பதிலாக எண்களால் நேரங்காட்டும் இலக்கக் கடிகாரம் கடலுக்குள் இறங்கிய காலமே அது. இன்று அக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் சேர்ப்பது யாது, அதனைக் காப்பது ஏன் அரிது என்பனவே நமது வினாக்கள்.

முள்ளுக் கடிகாரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1926 இல் றோலெக்ஸ் கம்பனி நீர்புகாத ஒயிஸ்ரர் கூட்டை வெளியிட்டது. 1953 இல் சுவிற்சர்லாந்தின் பிளாங்பான் கம்பனி சுழலும் வளையம் பொருந்திய கடிகாரமொன்றைச் சுழியோடிகளுக்கென்றே செய்தது. நீரில் இறங்கும் வேளையில் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவைத்தால், சென்ற நிமிடங்களை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். 1968 இல், யப்பானின் ஹிரோஷிமா மாநிலத்துக் கூரே நகரிலிருந்து ஒரு சுழியோடி சீக்கோ கம்பனிக்குக் கடிதம் எழுதினார். பேராழத்தில் நெடுநேரம் தங்கி வேலைசெய்வோருக்கு அன்றைய கடிகாரங்கள் ஈடுகொடுக்கவில்லை என்பது அவர் முறைப்பாடு. ஏழாண்டு உழைப்பின் பின், 1975 இல், 600 மீற்றர் ஆழம் தாங்கும் தைற்றேனியக் கடிகாரம் வெளிவந்தது. அதன் கூட்டைச் சுற்றிப் புறக்கவசம் ஒன்றும் இருந்தது. ஒரு தொழிலாளியின் கடிதம் ஒரு பெருங் கம்பனியின் போக்கையே திருப்பியமை இவ்வரலாற்றின் சிறந்த செய்திகளுள் ஒன்று.

இதே காலத்தில் தரையிலே வேறொரு புரட்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. 1969 டிசெம்பர் 25 ஆம் நாள் சீக்கோ கம்பனி தோக்கியோவில் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 450,000 யென். குவாட்ஸ் பளிங்குத் துண்டிலே மின்னைச் செலுத்தினால் அது மாறாத வேகத்தில் அதிரும். பிற்காலக் கடிகாரங்களில் அவ்வதிர்வு நொடிக்கு 32,768 தடவை என அமைந்தது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாக வகுத்தால் எஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றே ஒரு நொடி. சாவி கொடுத்தலும் சுருள்வில்லும் இனி வேண்டியதில்லை என்றாயிற்று.

எண்களால் நேரங்காட்டும் கைக்கடிகாரத்துக்கும் நமது தீவுக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. கடலடிக் காட்சிகளில் மனம் பறிகொடுத்து 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் ஆதர் சி. கிளார்க். அவர் ஸ்ரான்லி கியூபிறிக்குடன் சேர்ந்து கதை வகுத்த விண்வெளித் திரைப்படம் 1968 இல் வெளியாயிற்று. அப்படத்துக்கென அமெரிக்காவின் ஹமில்டன் கம்பனி எதிர்காலத்துக் கடிகாரம் ஒன்றை அமைத்துக் கொடுத்தது. அந்தக் கற்பனையே பின்னர் பல்சார் என்னும் உண்மைக் கடிகாரத்துக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். 1970 இல் அறிமுகமாகி 1972 ஏப்பிரிலில் கடைக்கு வந்த அப்பொற் கடிகாரத்தின் விலை 2,100 டொலர். இருண்ட முகப்பு, பொத்தானை அழுத்தினால் சிவந்த எண்கள் ஒளிரும், விரலை எடுத்தால் மறையும். மின்னை மிகுதியாக உண்ணும் விளக்கெண்கள் ஆதலின் இடையறாது ஒளிர இயலவில்லை. ஒரு கையிற் கட்டிய கடிகாரத்தைப் பார்க்க மறு கையும் வேண்டுமாயின், கருவி ஏந்திய சுழியோடிக்கு அதனால் யாது பயன்?

விடை திரவப் பளிங்கிலே கிடைத்தது. 1970 இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃபிறிக் என்னும் ஆய்வாளர் இருவர், மிகச் சிறிதளவு மின்னாலேயே எண்களை இடையறாது காட்டும் வழியைக் கண்டனர். 1973 இல் மணி, நிமிடம், நொடி மூன்றையும் ஆறு எண்களாகக் காட்டும் திரவப் பளிங்குக் கடிகாரத்தைச் சீக்கோ வெளியிட்டது. கடிகாரத் தொழிலின் தாயகத்தில் தோன்றிய கண்டுபிடிப்பு யப்பானியக் கடிகாரத்தில் உயிர்பெற்றது. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில் 1980களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 30,000 பேரோடு சுருங்கியது. இதனையும் வரலாறு மறத்தலாகாது.

இனி இரு கதைகளும் ஒன்றுசேரும் இடத்துக்கு வருகின்றோம். 1982 இல் சீக்கோ கம்பனி எச் 558 என்னும் பொறி கொண்ட கடிகாரத்தை வெளியிட்டது. முள்ளும் எண்ணும் ஒருங்கே அமைந்த முதலாவது சுழியோடிக் கடிகாரம் அதுவே. 150 மீற்றர் தாங்கும் கூடு, சுழலும் வளையம், முன் சொன்ன வகையான புறக்கவசம், அவற்றோடு எச்சரிக்கை மணியும் நொடிக் கணிப்பும் அதில் இருந்தன. முள்ளை ஏன் விட்டுவிடவில்லை? திரவப் பளிங்கு தானாக ஒளிர்வதில்லை. ஒளிரும் பூச்சிட்ட முள்ளோ இருட்டிலும் தெரியும். புதுமையை ஏற்றும் பழமையைக் கைவிடாத அறிவு அவ்வமைப்பிலே தெரிகின்றது. 1985, 1987 ஆம் ஆண்டுகளில் ஆர்னோல்ட் சுவாஸ்நேகர் தம் திரைப்படங்களில் அதனைக் கட்டி நடித்தமையால் சேகரிப்போர் இன்று அதற்கு அவர் பெயரையே செல்லப்பெயராக இட்டிருக்கின்றனர்.

1983 இல் கேசியோ கம்பனியின் கிக்குவோ இபே என்னும் பொறியியலாளர், தம் தந்தை அளித்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்ததை மறவாதவராய், 200 க்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பின், வீழ்ச்சிக்கு அஞ்சாத ஜீ ஷொக் கடிகாரத்தை உருவாக்கினார். அதுவும் 200 மீற்றர் நீரழுத்தம் தாங்கியது. ஆயினும் அவ்வகையிலிருந்து சர்வதேச நியமத்துக்கு இணங்கிய சுழியோடிக் கடிகாரம் 1993 இலேதான் வந்தது. அதற்குத் தவளைமனிதன் எனப் பொருள்படும் பெயரிட்டனர். 1985 இல் சிற்றிசன் கம்பனி மேலும் ஒரு படி சென்றது. அதன் அக்குவாலான்ட் கடிகாரத்தின் இடப்புறத்தே புடைத்து நிற்கும் உணரி நீரின் அழுத்தத்தை அறிந்து, ஆழத்தை எண்ணாகவே காட்டியது. தங்காமல் மேலே வருவதற்குரிய நிமிட எல்லைகள் அதன் இறப்பர்ப் பட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தன. நேரம், ஆழம், அட்டவணை மூன்றும் ஒரே மணிக்கட்டில் வந்து சேர்ந்தன.

ஆயின் அந்த நிறைவே முடிவின் தொடக்கமுமாயிற்று. 1983 இலேயே ஐக்கிய அமெரிக்காவில் ஓர்கா எட்ஜ் என்னும் சுழியோடிக் கணினி விற்பனைக்கு வந்துவிட்டது. கரைந்த நைதரசனின் கணக்கை நொடிக்கு நொடி அதுவே போட்டுச் சொன்னது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அத்தகைய கணினிகள் சிறுத்து, மலிந்து, பரவின. சுழியோடிக்கு உற்ற துணையாக இலக்கக் கடிகாரம் ஆட்சிசெய்த காலம் ஒரு தலைமுறையைக்கூட எட்டவில்லை.

சேகரிப்போர் நாடுவது இக்குறுகிய காலத்தின் எச்சங்களையே. அவர்கள் முதலிற் பார்ப்பது கடிகாரத்தின் முதுகை. பழைய சீக்கோக் கடிகாரங்களில் ஆறிலக்கத் தொடரெண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். நவம்பரை என் என்னும் ஆங்கில எழுத்தும் டிசெம்பரை டீ என்னும் எழுத்தும் குறிக்கும். எச் 558 ஒன்றின் தொடரெண் நான்கில் தொடங்கி அடுத்து என் எழுத்து வருமாயின், அது 1984 நவம்பரிற் பிறந்தது. பத்தாண்டு எதுவென எண் சொல்லாது. பொறியின் வகையைக் கொண்டு நாமே உய்த்துணர வேண்டும். கல்வெட்டாராய்ச்சியின் சிறு வடிவம் இது எனலாம். அடுத்து, பட்டி ஆதியில் வந்ததா, முகப்பு மாற்றப்பட்டதா, புறக்கவசம் வெடித்ததா என நோக்குவர்.

இவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு. அது இயங்குகின்றதா? 1953 இன் முள்ளுக் கடிகாரம் நின்றுபோனால், கைத்திறன் மிக்க மணிக்கூடு திருத்துவோர் ஒருவர் உடைந்த பற்சில்லையும் அச்சையும் புதிதாகக் கடைந்து போடக்கூடும். இலக்கக் கடிகாரத்தின் மின்சுற்றையோ திரவப் பளிங்குத் தகட்டையோ எந்தக் கைவினைஞரும் மேசையிலிருந்து செய்துவிட இயலாது. அவற்றைச் செய்த தொழிற்சாலை அச்சை நிறுத்திய அன்றே அவற்றின் தொகை வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒரு கடிகாரத்தை உயிர்ப்பிக்க வேண்டின் இன்னொன்றைக் கலைத்து உறுப்பெடுக்க வேண்டும். ஒன்று வாழ ஒன்று மாய்கின்றது. ஒவ்வொரு திருத்தத்தோடும் உலகில் உள்ள தொகை குறைகின்றது.

பகையும் பல திசைகளிலிருந்து வருகின்றது. மறந்து விடப்பட்ட மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கின்றது. இறப்பர் வளையங்கள் காய்ந்து இறுகுகின்றன. முள்ளுக் கடிகாரத்தின் கூட்டுப்புறத்தில் பெரும்பாலும் ஒரே துளை. இலக்கக் கடிகாரத்தில் பொத்தானுக்கொரு துளை. ஆதலின் நீர் புகும் வாயில்களும் அதிகம். யாவற்றினும் கொடியது எண்ணின் பொய். ஏழு சிறு கோடுகளால் ஆகிய எட்டில் நடுக்கோடு மறைந்தால் அது பூச்சியமாகத் தோன்றும். 18 நிமிடம் 10 எனத் தெரியும். முள்ளுக் கடிகாரம் பெரும்பாலும் நின்று தன் நோயைச் சொல்லிவிடும். எண் கடிகாரமோ ஓடிக்கொண்டே பொய் சொல்லக்கூடும். ஆகவே, எத்துணை அழகாக மீட்கப்பட்டதாயினும், பழைய இலக்கக் கடிகாரத்தை நம்பி எவரும் ஆழத்தில் இறங்கலாகாது. அது செய்யவேண்டிய கடமையை ஏற்கனவே செய்து முடித்துவிட்டது.

அங்ஙனமாயின் அதனைக் காப்பது எவ்வாறு? சிலர் கைபடாது பெட்டியில் வைத்தலே முறை என்பர். இயங்காத கடிகாரம் தூய்மையான சான்றாக நிற்கும் என்பது அவர் வாதம். மற்றோர், எண்கள் மறைந்த இலக்கக் கடிகாரம் வெறும் கூடே. உறுப்பு மாற்றியேனும் அதனை ஓடச் செய்க என்பர். இரண்டாம் கட்சியே எமக்கு உடன்பாடு. ஆயின் ஒரு நிபந்தனையோடு. மாற்றிய உறுப்பு எது, எதிலிருந்து எடுத்தது, எந்நாள் மாற்றியது என்பதை எழுதி வைத்தல் வேண்டும். கழற்றிய உறுப்பையும் எறியாது உடன் வைத்தல் வேண்டும். குறிப்பில்லாத திருத்தம் வரலாற்றை அழிக்கும். குறிப்போடு கூடிய திருத்தம் வரலாற்றை நீட்டிக்கும்.

ஓலைச்சுவடி பழுதானால் அதனைப் பெயர்த்தெழுதலாம். செப்புச் சிலை உடைந்தால் வார்த்தெடுக்கலாம். மின்னணுக் காலம் நமக்கு விட்டுச் செல்லும் பொருள்களோ, ஆக்கிய தொழிற்சாலை மறைந்தால் மீண்டும் ஆக்க இயலாதவை. சுழியோடியின் இலக்கக் கடிகாரம் அப்பெருஞ் சிக்கலைக் கைக்கு அடக்கமாகக் காட்டுகின்றது. ஓர் உயிர் 25 நிமிடத்தைத் தவறவிடாதிருக்க மனிதர் எவ்வளவு முயன்றனர் என்பதற்கு அது சான்று. அச்சான்றை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்போர், மணிக்கட்டுக்கு அழகு தேடுவோர் அல்லர். வரலாற்றின் காவலர் ஆவர்.