எழுபத்தைந்தில் போட்ட கோடு

மாரடைப்பு வந்தவரை உயிரோடு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம் என்று குடும்பம் மூச்சுவிடும் நேரத்தில், சில நோயாளிகளுக்குக் கை கால் சில்லிடத் தொடங்கும். வியர்த்துக் கொட்டும், சிறுநீர் குறையும், நினைவு தடுமாறும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கிவிடும். மருத்துவர்கள் இதைக் கார்டியோஜெனிக் ஷாக் என்கிறார்கள். மனம் அதிர்ந்துபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதயத்துக்கு ரத்தத்தை உந்தித் தள்ளும் வலு போய்விடுவதால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கின்றன. முதியவர்களே இதில் அதிகம் விழுகிறார்கள். ஆனால் இதற்கு மருத்துவம் தேடிய நூறாண்டுக் கதையில் அவர்கள் வெகுகாலம் ஓரத்திலேயே நின்றார்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வரும் 55 வயதுக்காரர், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலி கண்டு, நாடி தளர்ந்து, 52 மணி நேரத்தில் இறந்துபோனார். இதய ரத்தக்குழாய் திடீரென்று அடைபட்டாலும் ஒருவர் சில காலம் உயிரோடிருக்க முடியும் என்று ஹெரிக் எழுதியதை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு மாரடைப்புக்கு மருத்துவம் என்றால் படுக்கையும் ஓய்வும்தான்.

1960-களில் இதய நோய்க்கென்றே தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பிறந்தன. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது மின்சாரம் பாய்ச்சிக் காப்பாற்ற முடிந்தது. நியூயார்க்கில் அப்படியொரு பிரிவில் 250 நோயாளிகளைக் கவனித்த தாமஸ் கிலிப்பும் ஜான் கிம்பலும் 1967-இல், இதயம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு அவர்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் 100-க்கு 6 பேர் இறந்தார்கள். ஷாக்கில் விழுந்த நான்காம் வகுப்பிலோ 81 பேர். புதிய பிரிவும் கருவிகளும் அவர்களுக்கு உதவவில்லை.

ஏன் என்பதற்கு 1971-இல் பாஸ்டனில் விடை கிடைத்தது. ஷாக்கில் இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்தபோது, இடது கீழறைத் தசையில் 40 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்திருந்தது. சில இதயங்களில் அந்த அழிவு ஒரே நாளில் நேர்ந்ததல்ல. பழைய மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்போடு புதியதும் சேர்ந்திருந்தது. முதியவர்களின் இதயத்துக்கு இந்த ஆபத்து கூடுதல். ஏற்கெனவே இழந்தது போக மிச்சமிருப்பதைக் கொண்டு ஓடும் இதயத்துக்குச் சிறிய அடைப்பே போதும்.

இதற்கிடையே புரூக்ளினில் அறுவை மருத்துவர் ஏட்ரியன் கேன்ட்ரோவிட்ஸ் 1967-இல் ஒரு பலூனைத் தொடை வழியே மகாதமனிக்குள் செலுத்தினார். இதயம் விரியும்போது ஹீலியம் வாயு பலூனை ஊதும். இதயம் சுருங்கும்போது பலூன் சுருங்கி வழிவிடும். ஷாக்கில் கிடந்த 45 வயதுப் பெண் ஒருவர் அதனால் பிழைத்தார். பலூன் பம்ப் உலகெங்கும் பரவியது.

பிறகு அடைப்பைக் கரைக்கும் ஊசி வந்தது. 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு இத்தாலியில் நடந்த ஆய்வு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற அந்த ஊசி மாரடைப்பு மரணத்தைக் குறைக்கிறது என்று 1986-இல் காட்டியது. ஷாக்கில் இருந்தவர்களில் மட்டும், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் 100-க்கு 70 பேர் இறந்தார்கள். ரத்த ஓட்டமே மெலிந்துபோன உடலில் மருந்து அடைப்பைப் போய்ச் சேருவதே கடினம்.

அப்படியானால் அடைபட்ட குழாய்க்குள்ளேயே பலூனை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியாலோ பைபாஸ் அறுவையாலோ குழாயை உடனே திறந்துவிட்டால் என்ன? இதய மருத்துவர் ஜூடித் ஹாக்மன் தலைமையில் 1993 முதல் 1998 வரை 302 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஆய்வுக்கு வைத்த பெயரே ஷாக். முப்பதாம் நாளில் இரு தரப்புக்கும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆறாம் மாதத்தில் தெரிந்தது: முதலில் மருந்தால் நிலைப்படுத்தப்பட்டவர்களில் 100-க்கு 63 பேரும், குழாய் உடனே திறக்கப்பட்டவர்களில் 50 பேரும் இறந்திருந்தார்கள்.

ஆனால் 75 வயதைத் தாண்டியவர்களின் கணக்கு தலைகீழாக இருந்தது. அவர்கள் மொத்தமே 56 பேர். குழாய் திறக்கப்பட்ட 24 பேரில் 18 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். முதலில் மருந்தால் நிலைப்படுத்தப்பட்ட 32 பேரில் 17 பேர். இந்தச் சின்னக் கூட்டத்தை வைத்து ஒரு கோடு விழுந்தது. உடனடிச் சிகிச்சைக்கான உறுதியான பரிந்துரையை அமெரிக்க வழிகாட்டுதல் 1999-இல் 75-க்குக் கீழே உள்ளவர்களோடு நிறுத்திக்கொண்டது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை மறுபடி எண்ணியபோது கதை மாறியது. சோதனைக்கு வெளியே திரட்டிய பதிவேட்டில் 75 தாண்டிய 277 பேர் இருந்தார்கள். உடனே குழாய் திறக்கப்பட்ட 44 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே இறந்தார்கள். மற்றவர்களில் 100-க்கு 81 பேர். திடமானவர்களை மருத்துவர்கள் தேர்ந்தெடுத்ததும் இதற்கு ஒரு காரணம். அந்த 56 பேரின் தாள்களைத் திரும்பப் புரட்டியபோது இன்னொன்றும் புலப்பட்டது: குழாய் திறக்கப்பட்ட முதியவர்களின் இதயம் தொடக்கத்திலேயே மற்றவர்களுடையதைவிடப் பலவீனமாக இருந்தது. 2004-இல் வழிகாட்டுதல் இளகியது. 2013-இல் வயதுக் கோடு அழிந்தது. 1999-இல் இருந்து 2013 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் பெரிய மாரடைப்போடு ஷாக்கில் விழுந்த 75 வயதுக்கு மேற்பட்டோரில் ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றவர்கள் 27 சதவீதத்திலிருந்து 56 ஆனார்கள். அதே காலத்தில் இறப்பு 64 சதவீதத்திலிருந்து 46-க்கு இறங்கியது.

கருவிகளின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. கேன்ட்ரோவிட்ஸின் பலூன் பம்ப் மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2012-இல் ஜெர்மனியில் 600 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. இடது கீழறைக்குள் வைக்கும் நுண் பம்ப், தேர்ந்தெடுத்த நோயாளிகளில் ஆறு மாத இறப்பை 100-க்கு 59-இலிருந்து 46 ஆகக் குறைத்ததாக 2024-இல் டென்மார்க் தலைமையிலான ஆய்வு தெரிவித்தது. கூடவே ரத்தக்கசிவும் காலுக்கு ரத்தம் போகாமல் நிற்பதும் கூடின. அந்த ஆய்வின் தரவை வயதுவாரியாகப் பிரித்தபோது, 77-ஐத் தாண்டியவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

இன்னொரு எண் வந்து நிற்கிறது. இம்முறை மருத்துவர்கள் அதைக் கோடாகப் போட்டுக்கொள்ளத் தயங்குகிறார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, நினைவு தெளிவாக இருந்ததா, போன வாரம் வரை யார் துணையுமில்லாமல் நடமாடினாரா, அவர் என்ன விரும்பியிருப்பார் என்று, அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் மகனிடமும் மகளிடமும் கேட்கிறார்கள்.