நயினாதீவுக் கல்லில் ஒரு யானைச் சட்டம்

தனியார் யானை வளர்ப்பதற்கான சட்டம் என்றதும், இலங்கையில் பலரும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தையே சுட்டுவர். ஆனால் யானையையும் அதன் உடைமையாளனையும் பற்றிப் பேசும் மிகப் பழைய அரசாணை ஒன்று நமது தீவுகளிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டையே குறிப்பிடுகிறேன். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

ஆணையைப் பிறப்பித்தவன் பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்படும் என்கிறது அது. அரச பண்டாரத்துக்கு யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கலம் உடைந்தாலோ ஆளுக்குப் பாதி.

இந்தச் சலுகை ஏன்? யானை நிறைந்த நாட்டுக்கு யானை கொண்டுவருவானேன் என்ற ஐயம் எனக்கும் எழுந்ததுண்டு. சூளவம்சம் விடை தருகிறது. இலங்கைக்கு யானை விற்கும் வழக்கத்துக்கு பர்மிய மன்னன் தடை போட்டு விலையையும் உயர்த்தியது, பராக்கிரமபாகு அந்நாட்டின் மீது கடற்படை அனுப்பியதற்கான காரணங்களில் ஒன்று. யானை அன்றைய போர்த் தளவாடம். அதை ஏற்றிவரும் வணிகன் நட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கிவிடக் கூடாது என்பதே ஆணையின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும்.

பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசியது. வன்னியில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்கு வந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறின. போர்த்துக்கேயர் அத்துறைக்கு ‘யானைகளின் இறங்குதுறை’ என்றே பெயரிட்டனர். ‘கயிற்ஸ்’ என்ற பெயர் அதன் எச்சமே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் இவ்வாணிபத்தைத் தொடர்ந்தனர்.

நான் செய்தியாளனாக இருந்த காலத்தில் யானை வழக்கு என்றால், ‘உரியவர் யார், அனுமதிப்பத்திரம் உண்டா?’ என்ற கேள்விகளே முன்நின்றன. நயினாதீவுக் கல்லின் கேள்வியும் அதுவே. உடைந்த கலத்தில் சங்கிலியோடு நின்ற யானைக்கு என்ன ஆகும் என்று அது கேட்கவில்லை. மதங்கொண்டால் பாகனையே கொல்லக்கூடிய விலங்கு, சட்டத்தின் முன் வெறும் பங்குக் கணக்கு.

2021 ஆகஸ்டில் இலங்கை அரசு வெளியிட்ட வர்த்தமானி விதிகள் வேறு விதமாகப் பேசின. வளர்ப்பு யானை நாளுக்கு இரண்டரை மணி நேரம் நீராட வேண்டும். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. பணியிலிருக்கும் பாகன் மது அருந்தலாகாது. மீறுபவரின் யானையை அரசு பொறுப்பேற்கும் என்றும் அவை கூறின. உடையவனுக்கும் பண்டாரத்துக்கும் நடுவே மூன்றாம் தரப்பாக யானையும் சட்டத்துக்குள் வந்து நிற்க, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கின்றன.

நயினாதீவுக்குச் செல்லும் அன்பர்கள் அம்மனைத் தரிசித்த பின், அந்தக் கல்லையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.