பீப்பாய்களைப் பார்த்த ஓவியர்

களுபோவிலயிலிருந்து வெள்ளவத்தை கிட்டத்தான். ஆனாலும் தொண்ணூறுகளின் இறுதியில் அந்தப் பயணத்துக்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இருந்தாக வேண்டும். சோதனைச் சாவடியில் வீதியை மறித்து நின்றவை தகரப் பீப்பாய்கள். அவற்றை நான் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை. என் கண் முழுக்க அட்டையைப் புரட்டும் கையிலேயே இருக்கும்.

அந்தப் பீப்பாய்களைப் பார்த்தவர் சந்திரகுப்த தேனுவர. 1960 இல் பிறந்த இந்தச் சிங்கள ஓவியர் மொஸ்கோவில் பயின்றவர். 1993 இல் விபவி நுண்கலைக் கழகத்தைத் தொடங்கியவர். 1997 இல் இராணுவ உருமறைப்பு நிறம் பூசிய பீப்பாய்களைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து, அதற்கு 'பரலிசம்' என்று பெயரிட்டார். கியூபிசம், சர்ரியலிசம் என்ற வரிசையில் நாங்களும் உலகுக்கு ஓர் 'இசம்' தந்துவிட்டோம் என்ற கசப்பான கேலி அதில் உண்டு. 1983 கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஜூலை 23 இல் கண்காட்சி வைப்பதை அவர் ஆண்டுதோறும் தொடர்ந்தார்.

பாவனைப் பொருளைக் கலையாக்குவது புதிதல்ல. 1917 இல் மார்செல் டுஷாம்ப் ஒரு சிறுநீர்த் தொட்டியைக் கண்காட்சிக்கு அனுப்பினார். காணொளிக் கலையின் முன்னோடியான நாம் ஜூன் பைக், 1974 இல் புத்தர் சிலையொன்றின் முன் தொலைக்காட்சியை வைத்து, கமரா மூலம் அச்சிலையின் உருவத்தையே திரையில் காட்டினார். புத்தர் தன்னையே பார்த்தபடி இருக்கிறார்.

எங்களிடையே தா. சனாதனன் வேறு வழியில் போனார். இடம்பெயர்ந்த 80 பேரிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தத் தரைப்படங்களே 2011 இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூலாயின. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. உறுதி தொலைந்தவர்களுக்கு நினைவே உறுதியாயிற்று.

இன்று அதே பாதையில் ஓட்டோ நிற்காமல் போகிறது. வீதியை மறித்த பீப்பாய்கள் இல்லை. போர் முடிந்த பின் ஒருநாள், இனித் தேவையில்லை என்று என் பதிவுத் துண்டைக் கிழித்தெறிந்தேன். "அப்படியொரு துண்டு இருந்ததா அப்பா?" என்று இப்போது மகள் கேட்கிறாள். காட்டுவதற்கு என் கையில் ஒன்றுமில்லை. தேனுவரவின் பீப்பாய்ப் படத்தைத்தான் காட்டினேன்.