அண்டர்ஹில் கோதுமை: எதிர்ப்புத் திறன் வரலாற்றின் தொடக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

பயிர்களின் பூச்சி எதிர்ப்புத் திறனுக்கு வரலாறு எழுதுவோர் ஏறத்தாழ அனைவரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 1792-இல் நியூயார்க் வேளாண் சங்கத்தின் தொகுதியில் ஜோனதன் ஹேவன்ஸ் வெளியிட்ட குறிப்பும், ஹெசியன் ஈக்கு ஈடுகொடுத்ததாக அதில் சொல்லப்படும் அண்டர்ஹில் கோதுமையுமே அந்த இடம். அடுத்து 1831-இல் லிண்ட்லி சொன்ன வின்டர் மஜெட்டின் ஆப்பிள், அதன்பின் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களைக் காத்த அமெரிக்க வேர்த்தண்டுகள். இந்த வரிசைக்கு நிலைபேறு தந்தவர் கன்சாஸ் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர். 1951-இல் வந்த அவர் நூலே இத்துறையின் அடித்தளம். அதை மறுப்பவன் நான் அல்லன். ஆயினும் வரிசையின் முதல் கண்ணியை அவர் வைத்த இடத்தில் வைக்க என்னால் முடியவில்லை.

பெயின்டர் எதிர்ப்புத் திறனை மூன்றாகப் பகுத்தார்: பூச்சி அந்தப் பயிரை நாடாதிருப்பது, உண்ட பூச்சி நலிந்து மடிவது, தாக்குண்டும் பயிர் தாங்கி நிற்பது. மூன்றில் எது இருந்தாலும் அவருக்கு அது எதிர்ப்புத் திறனே. அண்டர்ஹில் அவர் வரிசையில் எளிதாக இடம்பெற்றது இதனால்தான். ஆனால் பின்னாளில் மரபணு எண் பெற்று, ரகம் ரகமாகப் புகுத்தப்பட்ட ஹெசியன் ஈ எதிர்ப்பு முற்றிலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால், அண்டர்ஹில்லை விளைவித்த லாங் ஐலண்டு உழவர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே மரபணு எதிர்ப்பைக் கையில் வைத்திருந்தார்கள் என்ற எண்ணம் வாசகரிடம் தானாகவே பதிந்துவிடுகிறது. பாடநூல்கள் இன்றும் அப்படித்தான் சொல்கின்றன.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஹெசியன் ஈ இலையின் மேற்பரப்பில், நரம்புகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் முட்டையிடுகிறது. பொரிந்த புழு கீழிறங்கி, இலையுறைக்கும் தண்டுக்கும் இடையே புகுந்து, உமிழ்நீரால் செடியின் வளர்ச்சியையே தனக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. இளஞ்செடி கருமை படர்ந்த பச்சையாகிக் குட்டையாக நின்றுவிடும். வளர்ந்த பயிரானால் தண்டு கணுவருகே மடிந்து சாயும். முழுவளர்ச்சி பெற்ற புழு ஆளிவிதை போன்ற பழுப்புநிறக் கூடாக உறையினுள் தங்கும். நம் நெல்லில் வெள்ளித்தண்டு உண்டாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. எதிர்ப்பு மரபணு உள்ள கோதுமையில் புழு சில நாட்களிலேயே இறந்துவிடுவதால் கூடு உருவாவதில்லை. தாங்குதிறன் மட்டும் உள்ள கோதுமையிலோ கூடுகள் இருக்கும், தண்டு மட்டும் சாயாது. ஆகவே கேட்க வேண்டியது அண்டர்ஹில் விளைந்ததா என்பதை அல்ல, அதன் உறைகளுக்குள் கூடுகள் இருந்தனவா என்பதை.

ஹேவன்ஸ் கேள்விப்பட்டதை எழுதியவர் அல்லர். ஷெல்டர் தீவில் வாழ்ந்தவர். ஈ முதலில் பரவிய பகுதி அவருக்கு அண்டை நிலம். பின்னாளில் அமெரிக்கக் காங்கிரசிலும் உறுப்பினரானார். 1788-இல் ஜோசப் பேங்க்ஸின் கருத்தைக் கேட்டு, தானியத்தின் வழியே ஈ வந்துவிடும் என்று அஞ்சி, பிரிட்டன் அமெரிக்கக் கோதுமையைத் தடுத்திருந்தது. பூச்சி எங்கே முட்டையிடுகிறது என்பதே வணிக வழக்காகிவிட்ட காலம் அது. அப்படிப்பட்ட சூழலில் எழுதிய ஒருவரின் கண் கூர்மையாகவே இருந்திருக்கும். அண்டர்ஹில் ஈடுகொடுத்தது என்ற செய்தியை நான் ஐயுறவில்லை. அதற்குத் தரப்படும் விளக்கத்தைத்தான் ஐயுறுகிறேன். அண்டர்ஹில்லை உள்ளடக்கிய மஞ்சள் மீசைக் கோதுமை பற்றி அக்காலத்தவர் திரும்பத் திரும்பக் கூறும் காரணம் தண்டின் உறுதி. புழு இறந்துவிடுகிறது என்பது அந்த விளக்கத்தில் இல்லை. உறுதியான தண்டைப் புகழ்பவர், தண்டின்மேல் பூச்சி இருப்பதை ஒப்புக்கொண்டுதான் புகழ்கிறார் என்று நான் வாசிக்கிறேன். இது நேரடிச் சான்று அன்று. ஆனால் பெயின்டரின் வரிசைக்கு ஆதாரமாக நிற்பது இந்த அளவுகூட இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே ஆண்டுகளில் அதே உழவர்களுக்குத் தாமதமாக விதைக்கும்படியும், நன்றாக எருவிடும்படியும் அறிவுரை சொல்லப்பட்டது. இலையுதிர்கால ஈக்கள் ஓய்ந்தபின் முளைக்கும் பயிர் எந்த ரகமானாலும் தப்பும். புது விதை, புது விதைப்புநாள், கூடுதல் எரு மூன்றும் ஒன்றாக வந்தபோது வெற்றியை விதைக்கு மட்டும் உரிமையாக்க இயலாது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. புதிதாக வந்தேறிய பூச்சிக் கூட்டம் சிறியது, வேறுபாடு குறைந்தது. ஒற்றை மரபணுகூட அதை முழுமையாக அடக்கியிருக்கலாம். இருக்கலாம். ஆனால் அப்படி அடக்கிய மரபணுக்கள் சில ஆண்டுகளில் தோற்றுப்போவதையே 20ஆம் நூற்றாண்டு நமக்குக் காட்டியது. அண்டர்ஹில்லின் புகழோ 1780-களில் எழுந்து 1790-களிலும் குறையவில்லை. பூச்சியைக் கொல்லாத தாங்குதிறன், தன்னை முறியடிக்கும் பூச்சியைத் தேர்ந்தெடுப்பதுமில்லை. ஆனால் ஈ வந்த ஆண்டே இன்னும் தீராத வழக்கு. 1776-இல் ஜெர்மன் கூலிப்படையின் வைக்கோலோடு வந்தது என்பது மரபு. சேதம் பேசப்படுவது 1778, 1779 வாக்கில்தான். ஆகவே கால அளவை வைத்து நான் கட்டும் இந்த வாதத்தைச் சில ஆண்டுகள் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் மீசைக் கோதுமை என்று சொல்லப்பட்டதெல்லாம் ஒரே ரகம்தானா என்பதும் உறுதியில்லை.

பெயின்டரை மறுக்கப் பெயின்டரே துணை நிற்கிறார் என்பதுதான் இதில் முக்கியமானது. ஹெசியன் ஈயில் உயிரியல் வகைகள் உண்டு என்றும், ஓரிடத்து ஈக்களை எதிர்க்கும் ரகம் வேறிடத்தில் பணிந்துவிடும் என்றும் 1930-இலேயே எழுதியவர் அவர். எந்த ஈக்கு எதிராக என்று சொல்லாமல் எதிர்ப்புத் திறன் என்று பேசுவது குறைபட்ட பேச்சு என்பதை நமக்குக் கற்பித்தவரும் அவரே. அந்த அளவுகோலை 1792-இன் குறிப்பின்மேல் வைத்திருந்தால் அவரே தயங்கியிருப்பார்.

மரபணு வரலாற்றின் முதல் உறுதியான கண்ணி, என் கணிப்பில், டாசன் கோதுமை. 1881-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ராபர்ட் டாசன் ஒற்றைச் செடியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. கார்ட்ரைட், வீப் இருவரும் அதைக் கலிஃபோர்னியாவில் போசோ, பிக் கிளப் ரகங்களோடு கலந்து, எதிர்ப்பு எப்படித் தலைமுறை இறங்குகிறது என்று 1936-இல் காட்டினார்கள். பின்னர் எச்1, எச்2 என்று எண் பெற்றவை அந்தக் கலப்பில் வெளிப்பட்ட மரபணுக்களே. 1942-இல் கன்சாஸ் ஈயை எதிர்க்கும் பானி ரகத்தை வெளியிட்டது. கோதுமையின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் ஈயிடம் ஈடான மரபணு ஒன்று உண்டு என்று 1970-இல் ஹாச்செட்டும் காலனும் நிறுவினார்கள். இன்று அந்த வரிசை 30 எண்களைத் தாண்டிவிட்டது.

டாசன் தேர்ந்தெடுத்த செடி நின்றது கிளாசன் என்ற ரகத்தின் வயலில். ஆகவே டாசனின் எதிர்ப்பு கிளாசனிலேயே இருந்ததா, அந்த ஒற்றைச் செடிக்கு வேறு வழியில் வந்ததா என்பதை அடுத்துத் தேட வேண்டும். கிளாசனிலேயே இருந்திருந்தால், 19ஆம் நூற்றாண்டில் ஈக்கு ஈடுகொடுத்ததாகப் பெயரெடுத்த மெடிட்டரேனியன் போன்ற ரகங்களையும் ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்; என் கோட்டின் தொடக்கமும் 1881-க்கு முன்னே நகரும். அப்போதும் அது அண்டர்ஹில் வரை எட்டும் என்று நான் கருதவில்லை.