அரண்மனை அடுக்களையில் மிளகாய்

மலாக்காச் சுல்தானின் சமையற்காரரைப் பற்றி எம் மாணவர் ஒரு வரலாற்று நாடகம் எழுதி வந்தனர். சுல்தான் மன்சூர் ஷா காலம், 15ஆம் நூற்றாண்டு. முதற் காட்சியிலேயே சமையற்காரர் அம்மியில் மிளகாய் அரைக்கிறார்!

மிளகாய் அமெரிக்க மண்ணின் பயிர். கொலம்பசு அக்கரை கண்டது 1492இல். போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511இல். அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகு, இஞ்சி, திப்பிலி. தமிழாசிரியர்க்கு வேறு சான்றும் வேண்டுமோ? மிளகைப்போல் உறைக்கும் காய் என்றன்றோ நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர்!

அடுக்களைக்கு அரசியலில் இடமுண்டு என்பதைச் 'செஜாரா மெலாயு' சுவைபடக் கூறும். மன்சூர் ஷாவின் தூதராகச் சீனம் சென்றார் துன் பெர்பாத்தே பூத்தே. பேரரசரை நிமிர்ந்து நோக்குதல் அங்கே தகாது. விரும்பும் உணவு யாதென வினவியபோது, கங்கோங் கீரையை நறுக்காமல் நீளமாகவே சமைத்துத் தருமாறு வேண்டினார். தண்டை உயரத் தூக்கி, அண்ணாந்து உண்ணும் சாக்கில் பேரரசரின் திருமுகத்தைக் கண்டுவிட்டார். நடந்ததோ புனைந்ததோ, தூதர் பெயர் நிலைத்தது. கீரை சமைத்தவர் பெயரற்றுப் போனார்.

இங்கே தெங்கேராப் பள்ளிவாசலிலும் 1835இல் மறைந்த சுல்தான் உசேன் ஷாவின் அடக்கத்தலம் உண்டு. அவருக்குச் சோறு சமைத்தவரை எவர் நினைக்கிறார்?

ஆகவே மாணவரிடம் சொன்னேன்: "சமையற்காரருக்குப் பெயர் சூட்டுங்கள், அழவும் சிரிக்கவும் விடுங்கள். மிளகாயை மட்டும் எடுத்துவிடுங்கள்."

மேடையில் மிளகே இடிக்கப்பட்டது. முன்வரிசையிலிருந்த எனக்குத்தான் தும்மல் அடங்கவில்லை.