நான்கு கட்டத்தில் ஒரு கடல்

காலைக் காபி முடிந்ததும் பிரெஞ்சுக் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்காருவது ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் வழக்கம். புதிர் போடுகிறவர்களுக்கு நீர்நிலைகள் மேல் தனிப் பிரியம். இத்தாலிய நதி என்றால் 'போ', சைபீரிய நதி என்றால் 'ஓப்', ஆசியாவின் உள்நாட்டுக் கடல் என்றால் 'ஆரல்'. பிரெஞ்சில் அது நான்கே எழுத்து, அதில் இரண்டு உயிரெழுத்து. எந்த மூலையிலும் பொருந்திவிடும்.

போன வாரம் குறிப்பு மாறியிருந்தது: "ஒரு காலத்தில் கடல்". பேனா கொஞ்சம் நின்றது.

அறுபதுகளில் புதுச்சேரியில் பள்ளியில் படித்தபோது, சுவரில் தொங்கிய படத்தில் காஸ்பியனுக்குக் கிழக்கே நீலமாக இருக்கும். உலகின் நான்காவது பெரிய ஏரி. உப்புநீர் என்பதால் கடல் என்று பெயர் என்றார் ஆசிரியர். 1960-இல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோதே அது வற்றத் தொடங்கிவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆரலுக்கு நீர் தந்தவை ஆமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு நதிகள். சோவியத் அரசு அவற்றைப் பருத்திக்கும் நெல்லுக்கும் திருப்பியது. 1954-இல் தொடங்கிய காராகும் கால்வாய் பாலைவனத்தின் ஊடே ஆமு தரியாவின் நீரைக் கொண்டுபோனது. கரைகட்டாத மண் வாய்க்கால்களில் பெரும்பகுதி மணலுக்குள்ளேயே போயிற்று. கடல் சுருங்கும் என்று திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். மீனைவிடப் பருத்தி லாபம் என்று கணக்குப் போட்டார்கள். முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன் நான். அந்தக் கோப்பு எப்படி மேசை மேசையாக நகர்ந்திருக்கும், யார் யார் சுருக்கொப்பம் போட்டிருப்பார்கள் என்று என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

1987-இல் கடல் இரண்டாகப் பிளந்தது. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தில் படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. மீன் இல்லாமல் போன பிறகும் அங்கிருந்த டப்பா மீன் தொழிற்சாலை மூடவில்லை, தொலைதூரக் கடல்களின் மீனை ரயிலில் வரவழைத்து ஓட்டினார்கள். நம் தமிழில் ஆரல் என்பதே ஒரு மீனின் பெயர். அவர்கள் மொழியில் அது தீவு. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் இருந்ததால் வந்த பெயராம். சோவியத் ராணுவம் கிருமி ஆயுதங்களைச் சோதித்த தீவுக்கு 'மறுபிறப்பு' என்று பெயர்! நீர் வற்றி அதுவும் நிலத்தோடு ஒட்டிவிட்டது.

2005-இல் கஜகஸ்தான் உலக வங்கி உதவியோடு கோக்கரல் அணையைக் கட்டியது. சில மாதங்களிலேயே வடக்கு ஆரலில் நீர் ஏறியது, மீனும் திரும்பியது. தெற்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2014-இல் அதன் கிழக்குப் பாதி முழுக்கக் காய்ந்தது.

எனவே அந்தக் குறிப்பு முழுச் சரி இல்லை என்று புதிர்க்காரரோடு மனதுக்குள் வாதாடினேன். வடக்கே இன்னும் வலை போடுகிறார்களே. ஆனாலும் 'ஆரல்' என்றுதான் எழுதினேன். நெடுக்கே வந்த சொற்களும் பொருந்தின.